கன்ட்ரோல் ஸ்லைடு

அன்று காலை அவளுடைய ரத்தத்தில் முருங்கைக்காய் இல்லை.

லேப்பில் வேலை செய்யாதவர்களுக்கு இது பைத்தியக்காரப் பேச்சாகத் தோன்றும். பெண்களின் ரத்தத்தில், சில வெள்ளை அணுக்களின் கருவிலிருந்து ஒரு சின்னக் குமிழ் நூல் போன்ற காம்பில் தொங்கிக்கொண்டிருக்கும். ஆண்களுக்கு அது இருக்காது. ஆங்கிலத்தில் அதை டிரம்ஸ்டிக் என்பார்கள். மேளக் குச்சியை நினைத்துத்தான் யாரோ அப்படிப் பெயர் வைத்திருக்க வேண்டும். இந்த லேப்பில் எல்லோருக்கும் அது முருங்கைக்காய். நூறு அணுக்களைப் பார்த்தால் இரண்டு மூன்று சிக்கும். சில நாள் ஒன்றுதான். ஒன்றுமே இல்லாத நாள் இதுவரை வந்ததில்லை.

தினமும் நோயாளிகளின் ஸ்லைடுகளுக்குச் சாயம் ஏற்றும் முன்பு, நலமாக இருக்கும் ஒருவரின் ரத்தத்தைக் கண்ணாடியில் மெல்லிசாக இழுத்து, சாயம் சரியாகப் பிடிக்கிறதா என்று பார்ப்பார்கள். அதற்குக் கன்ட்ரோல் ஸ்லைடு என்று பெயர். பல வருடங்களாக அது அவளுடைய ரத்தம்தான். யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்த ஏற்பாடு அல்ல. காலையில் முதலில் வருகிறவள் அவள், அவ்வளவுதான். இடது மோதிர விரலில் ஒரு குத்து, ஒரு சொட்டு. குத்திக் குத்தி அந்த நுனி மட்டும் காய்த்துப்போய், நுண்ணிய கரும்புள்ளிகளுடன் சொரசொரவென்று இருக்கும். இரவில் மகள் தூங்குவதற்கு அந்த விரல் வேண்டும். கட்டைவிரலால் அந்த நுனியைத் தேய்த்துக்கொண்டே இருப்பாள். தேய்ப்பது நின்றால் தூங்கிவிட்டாள் என்று அர்த்தம்.

லேப் தரைக்குக் கீழே இருந்தது. ஜன்னல் கிடையாது. வெளியே மழை என்பது வாசலில் விரித்து வைத்த குடைகளைப் பார்த்தால்தான் தெரியும். மெத்தனால் வாசனையும், ஏசியிலிருந்து வாளியில் சொட்டும் தண்ணீரும், மூலையில் ரத்தம் நிரப்பிய குழாய்களைச் சுழற்றும் இயந்திரத்தின் ஓயாத முனகலும் அவளுக்கு வீட்டைவிடப் பழகியவை. வலது கை ஸ்லைடை நகர்த்த, இடது கை எண்ணும் பெட்டியின் பொத்தான்களைத் தட்டியது. ஒவ்வோர் அணுவுக்கும் ஒரு டிக். நூறு ஆனதும் பெட்டி தானாக ஒரு மணி அடிக்கும்.

மணி அடித்தது. அவள் முதலிலிருந்து தொடங்கினாள். மறுபடி மணி அடித்தது.

"என்னம்மா, காலங்காத்தால ஒரே ஸ்லைடுல குடியிருக்க?" அடுத்த மேசையிலிருந்து சல்லடை கேட்டார். அவர் மூத்த டெக்னீஷியன். எந்த ரகசியமும் அவரிடம் தங்காது என்பதால் வந்த பெயர். அந்தப் பெயரில் கூப்பிட்டால்தான் இப்போது திரும்பிப் பார்ப்பார்.

"முருங்கைக்காய் ஒண்ணுகூட சிக்கல."

"மார்க்கெட்ல தேடு. இங்க என்ன இருக்கு?"

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். அவளும் சிரித்தாள். ஆனால் ஸ்லைடைக் குப்பைப் பெட்டியில் போடாமல், தட்டின் ஓரத்தில் தனியாக வைத்தாள்.

தம்பி அன்று செக்கப்புக்கு வருகிற நாள்.

நான்கு வருடங்களுக்கு முன்பு இதே நாற்காலியில் உட்கார்ந்துதான் அவனுடைய ரத்தப் புற்றுநோயை அவள் முதலில் பார்த்தாள். டாக்டரம்மாவுக்கு முன்பாக, அவனுக்கே தெரிவதற்கு முன்பாக. சாயங்காலங்களில் காய்ச்சல், பல் தேய்த்தால் ரத்தம் என்று சொன்னான். வாடா பார்ப்போம் என்று ஒரு சொட்டு எடுத்தாள். கண்ணாடிக்குள் அது உட்கார்ந்திருந்தது. பெரிய, உருண்டையான, வளரத் தெரியாத அணு. கரு முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்க, மிச்சமிருந்த ஓரத்தில் சிவப்பாக ஒரு ஊசி. அந்த ஊசியை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அவள் அதை ஒரு முகத்தைப் போல ஞாபகம் வைத்திருந்தாள்.

அவளுடைய எலும்பு மஜ்ஜைதான் அவனுக்குப் பொருந்தியது. கொடுத்தாள். அவனுடைய பழைய ரத்தத்தை மருந்தால் ஒழித்துவிட்டு, அவளுடையதை ஏற்றினார்கள். அது அவன் எலும்புகளுக்குள் போய்க் குடியேறியது. பி பிரிவாக இருந்தவன் அவளைப் போலவே ஓ பிரிவானான். அவன் ஸ்லைடில் முருங்கைக்காய் காய்த்தது.

"அப்போ இனிமே எனக்கு வர்ற கோவமெல்லாம் உன் கணக்குதான்க்கா," என்றான் அப்போது, மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு.

அன்றிலிருந்து ஒவ்வொரு செக்கப்பிலும் அவளுக்கு ஒரு சொந்தச் சடங்கு உண்டு. மற்ற எதையும் எண்ணுவதற்கு முன்பு அவன் ரத்தத்தில் முருங்கைக்காயைத் தேடுவாள். கிடைத்தால், உள்ளே இருப்பது இன்னும் அவள்தான், பழையது திரும்பவில்லை. கிடைத்த பிறகுதான் மூச்சு விடுவாள். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அவன் கதவருகில் நின்று கேட்பான்: "என்னக்கா, பாஸா ஃபெயிலா?" அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொல்வாள்: "பாஸ்."

கணவன் கப்பல் வேலையில் இருந்தான். வருடத்தில் பாதி நாள் கடலில். அதனால் தம்பி அவர்களோடுதான் இருந்தான். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை; மதியம் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவதும் அவன் பொறுப்பு.

பதினொரு மணிக்கு அவன் மழைக்கோட்டு சொட்டச் சொட்ட வந்தான். அதைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டு எதிரில் உட்கார்ந்தான். முகம் தெளிவாக இருந்தது. கன்னத்தில் சதை பிடித்திருந்தது. சமீபத்தில் அவனைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள்.

அவள் ஊசியையும் ஊதா மூடிக் குழாயையும் எடுத்தாள். அவன் கையை நீட்டி முழங்கை மடிப்பைக் காட்டுவதற்குப் பதிலாக, இடது மோதிர விரலை நீட்டினான்.

அவள் அந்த விரலைப் பார்த்தாள்.

"என்னடா இது? உனக்கு எப்பவும் கையிலதானே எடுப்பேன்?"

"அட, ஆமால்ல." கையை இழுத்துக்கொண்டான். "பழக்கதோஷம்."

யாருடைய பழக்கம் என்று அவள் கேட்கவில்லை. நரம்பு தேடும்போது கவனம் சிதறக் கூடாது. ரத்தம் குழாயில் ஏறியது. அவன் அதைப் பார்க்கவில்லை. தட்டின் ஓரத்தில் தனியாகக் கிடந்த அவளுடைய ஸ்லைடைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாயந்திரம் சொல்றேன்," என்றாள்.

"ம். அவசரமில்ல." எழுந்து போனான். மழைக்கோட்டை விட்டுவிட்டு அவளுடைய குடையை எடுத்துக்கொண்டு போயிருந்தான். அது பிறகுதான் தெரிந்தது.

தம்பியின் ஸ்லைடில் முருங்கைக்காயைத் தேட வேண்டியிருக்கவில்லை. லென்ஸில் எண்ணெய் விட்டுக் கண்ணை வைத்ததுமே ஒன்று. பக்கத்தில் இன்னொன்று. நகர்த்த நகர்த்த, எங்கே நின்றாலும், ஏதோ ஓர் அணு தன் குமிழைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றது. இவ்வளவு யாருக்கும் இருக்காது. எந்தப் பெண்ணுக்கும் இருக்காது.

அவள் தலையை நிமிர்த்தினாள். தண்ணீர் வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது.

லேப்பில் சந்தேகத்துக்கு ஒரு வரிசை உண்டு. ரிசல்ட் பொருந்தாவிட்டால் முதலில் லேபிளைச் சந்தேகப்படு. பிறகு சாயத்தை. பிறகு உன் கண்ணை. நோயாளியைக் கடைசியில்தான். வேலையில் சேரும் எல்லோருக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். அவளே எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

லேபிள். இரண்டு ஸ்லைடுகளையும் மாற்றி வைத்துவிட்டாளா? ஆனால் அவளுடையது காலையிலேயே பார்த்தது. அப்போது தம்பி வந்திருக்கவே இல்லை. இருந்தாலும் புது ஸ்லைடு எடுத்து, பென்சிலால் முதலில் பெயரை எழுதி, பிறகு விரலைக் குத்தி, வேறு எதையும் தொடாமல் இழுத்தாள். சாயம். புது புட்டியைத் திறந்தாள். உலர்ந்ததும் பார்த்தாள்.

டிக், டிக், டிக். மணி. ஒன்றுமில்லை.

மறுபடி குத்தினாள். மறுபடி மணி. மறுபடி. விரல் நுனியில் பஞ்சை அழுத்தி, மேலே பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டாள். வழக்கத்தைவிட ரத்தம் நிற்க நேரமானது. பஞ்சு நனைந்து, பிளாஸ்டர் நனைந்து, இன்னொன்று ஒட்ட வேண்டியிருந்தது.

காலையில் பல் தேய்க்கும்போது நுரை இளஞ்சிவப்பாக இருந்தது ஞாபகம் வந்தது. புது பிரஷ், முரடு என்று நினைத்திருந்தாள். சாயங்காலங்களில் உடம்பு கதகதவென்று இருந்ததை வேலைக் களைப்பு என்று நினைத்திருந்தாள். தொடையில் எங்கே இடித்தோம் என்று தெரியாத ஒரு நீலக் கன்றல்.

நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்தாள்.

ஒரு சந்தேகம் வந்தால் அது தனியாக வராது. மடித்து வைத்த துணியை உதறினால் பழைய சில்லறை விழுவது போல, ஒவ்வொன்றாக விழத் தொடங்கின. போன வாரம் மகளுக்குத் தம்பி ஜடை பின்னிவிட்டிருந்தான். கடைசிப் பின்னலை உள்பக்கம் திருப்பி முடிச்சுப் போட்டிருந்தான். அது அவளுடைய முடிச்சு, யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. பார்த்துக் கற்றிருப்பான் என்று நினைத்தாள். அவளுடைய வீட்டுச் செருப்பு வலது குதிகாலில் மட்டும் தேயும். இப்போது அவனுடையதும் அங்கேதான் தேய்ந்திருந்தது. ஒருநாள் கடலிலிருந்து கணவன் போன் செய்தபோது அவள் குளித்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்து கூப்பிட்டபோது கணவன் சொன்னான்: "இப்பதானே அரை மணி நேரம் பேசினோம்? மறந்துட்டியா?" அவள் தம்பியைக் கேட்டாள். "சும்மா உன்னை மாதிரி பேசிப் பார்த்தேன்க்கா. மாமா கண்டுபிடிக்கவே இல்ல," என்று விழுந்து விழுந்து சிரித்தான். அவளும் சிரித்தாள்.

என்ன பேசினான் அரை மணி நேரம்?

எழுந்து குளிர்பெட்டியைத் திறந்தாள். ரத்தப் பிரிவு பார்க்கும் மருந்துகள் வரிசையாக நின்றன. நீலம், ஏ பிரிவுக்கு. மஞ்சள், பி பிரிவுக்கு. வெள்ளைத் தட்டில் இரண்டிலும் ஒவ்வொரு சொட்டு விட்டு, தன் ரத்தத்தைச் சேர்த்துக் குச்சியால் கலக்கினாள். ஓ பிரிவு ரத்தம் எதிலும் திரியாது. மை போல வழவழவென்று அப்படியே கிடக்கும். பிறந்ததிலிருந்து அவள் ஓ.

தட்டை மெல்ல ஆட்டினாள். நீலத்தில் ஒன்றுமில்லை.

மஞ்சளில் முதலில் ஓரம் சொரசொரத்தது. பிறகு நடுவில் மணல் மணலாக. பிறகு பால் திரிவது போல, சிவப்பு கட்டி கட்டியாகப் பிரிந்து தண்ணீர் தனியாக நின்றது.

மருந்து கெட்டிருக்கலாம். சல்லடையிடம் ஒரு சொட்டு வாங்கி வைத்துப் பார்த்தாள், அவருடைய பிரிவு சரியாகவே வந்தது. தம்பியின் குழாயிலிருந்து ஒரு சொட்டு வைத்துப் பார்த்தாள். மருந்து கெடவில்லை. தம்பி ஓ.

அவள் பி. தம்பி பிறந்தபோது இருந்த பி.

அந்தக் கணத்தில் அவளுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. யாரோ அவளுடைய பீரோவைத் திறந்து, எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அதே மடிப்பில் வேறு எதையோ வைத்துவிட்டுப் போனது போல. கொடுத்தேன்டா. கேட்டதும் கொடுத்தேன். எவ்வளவு வேண்டும் உனக்கு?

இனி கண்தான் பாக்கி. கடைசியாக எடுத்த தன் ஸ்லைடைப் பெயர் தெரியாதபடி வெள்ளை டேப்பால் மறைத்து, சல்லடையின் மைக்ராஸ்கோப்பில் கொண்டுபோய் வைத்தாள்.

"இதைக் கொஞ்சம் பாருங்களேன். மெலிசா முடியற வால் பக்கம்."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார். நகர்த்தினார். நின்றார். முகத்தில் இருந்த கேலி போய்விட்டது.

"யாருது? வார்டா, வெளியில இருந்து வந்ததா?"

"வெளியில இருந்து."

"பாவம். பிளாஸ்ட் செல். ஊசி வேற இருக்கு, நல்லா தெரியுது பாரு. உடனே டாக்டரம்மாகிட்ட சொல்லிடு. பையனுக்கு என்ன வயசு?"

"பையன்னு எப்படிச் சொல்றீங்க?"

"தேடித் தேடிப் பார்த்துட்டேன், ஒரு முருங்கைக்காய் இல்லையே." அவர் நகர்ந்து இடம் விட்டார். "நீயே பாரு."

அவள் குனிந்தாள். அது உட்கார்ந்திருந்தது. பெரிய, உருண்டையான, வளரத் தெரியாத அணு. ஓரத்தில் சிவப்பு ஊசி. நான்கு வருடம் கழித்தும் கொஞ்சம்கூட மாறவில்லை. அதற்கு அவளைத் தெரிந்தது போல இருந்தது.

டாக்டரம்மா மதியமே கிளம்பியிருந்தார். நாளைக் காலைதான் வருவார். நாளைக் காலைக்கு அவளால் காத்திருக்க முடியாது. மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்து தம்பி இந்நேரம் அவளுக்கு உடை மாற்றிக்கொண்டிருப்பான். மகள் மட்டும்தான் அவள் மனதில் இருந்தாள். முதலில் மகள். மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும். பிறகு டாக்டரம்மா, பிறகு மற்றதெல்லாம்.

குடை இல்லை. கொக்கியில் தொங்கிய தம்பியின் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டாள். அளவாக இருந்தது. தோள் பட்டை சரியாகத் தோளில் உட்கார்ந்தது. அது அவளுக்குப் பெரிதாக இருந்திருக்க வேண்டும்.

"நான் கிளம்புறேன்," என்றாள்.

சல்லடை மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை ஆட்டினார்.

"சரி தம்பி. அக்கா வந்தா சொல்லிடுறேன்."

விளையாடுகிறார். மனிதருக்கு எப்போதும் விளையாட்டு. படிகளில் ஏறும்போது முழங்கால் எலும்புகளுக்குள் வலித்தது, ஆழத்தில், மஜ்ஜை இருக்கும் இடத்தில்.

மழையில் தெரு விளக்குகள் சீக்கிரமே எரிந்துகொண்டிருந்தன. பேருந்தில் ஒரு பெண்ணின் பக்கத்தில் இடம் இருந்தது, உட்கார்ந்தாள். அந்தப் பெண் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, பையை மடிக்கு இழுத்துக்கொண்டு, ஜன்னலோடு ஒட்டி உட்கார்ந்தாள். அடுத்த நிறுத்தத்தில் எழுந்துபோய் வேறு இடத்தில் நின்றுகொண்டாள். ஈரக் கோட்டு, வேறென்ன. வெளியே இருட்டி ஜன்னல் கண்ணாடிகளில் உள்ளே இருப்பவர்களின் முகங்கள் தெரியத் தொடங்கின. அவள் கண்ணாடியைப் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்தாள். இடது மோதிர விரலில் பிளாஸ்டர் இல்லை. எங்கேயோ கழன்று விழுந்திருக்கிறது.

கட்டைவிரலால் அந்த நுனியைத் தொடப்போனாள். தொடவில்லை.

வீட்டில் விளக்கு எரிந்தது. வாசலில் அவளுடைய குடை விரித்து வைத்திருந்தது. உள்ளே பாத்திரம் தேய்க்கும் சத்தம். ஒரு பாட்டு, வாய்க்குள் முனகுவது. ஸ்வரம் தவறும் இடத்தில் தவறியது. அவள் எப்போதும் தவறும் இடம்.

சாவியைத் தேடினாள். கோட்டுப் பையில் தம்பியின் சாவிதான் இருந்தது. சாவி கைதவறிக் கீழே விழுந்தது. கதவைத் தட்டினாள்.

ஓடி வரும் சின்னக் கால்கள். தாழ்ப்பாள். மகள்.

ஜடை புதிதாகப் பின்னியிருந்தது. கடைசிப் பின்னல் உள்பக்கம் திரும்பியிருந்தது. மகள் நிமிர்ந்து பார்த்தாள். ஓடி வந்து கட்டிக்கொள்ளவில்லை. சும்மா பார்த்தாள், தினமும் பார்க்கிற ஒருவரைப் பார்ப்பது போல. பிறகு உள்ளே திரும்பிக் கத்தினாள்.

"அம்மா! மாமா வந்துட்டாங்க!"

பாட்டு நின்றது. குழாய் மூடப்பட்டது.

"கண்ணு," என்றாள் அவள். தொண்டையிலிருந்து வந்த குரல் கனமாக இருந்தது. "கண்ணு, நான்டா. அம்மா."

மகளின் முகம் சுருங்கியது. ஓர் அடி பின்னால் வைத்தாள்.

செருப்புச் சத்தம் வந்தது. வலது குதிகால் தேய்ந்த செருப்பு. சமையலறை வாசலில் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி ஓர் உருவம் நின்றது. ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, தலையை லேசாகச் சாய்த்து. முகம் நிழலில் இருந்தது. அவள் அந்த முகத்தைப் பார்க்க முயன்றாள். பார்க்காமல் இருக்கவும் முயன்றாள்.

"நனைஞ்சுட்டியா?" அவளுடைய குரல். பரிவான, களைத்த, அவளுடைய குரல். "என்னடா தம்பி, பாஸா ஃபெயிலா?"

அவள் வாயைத் திறந்தாள். ஈறிலிருந்து வெதுவெதுப்பாக ஏதோ நாக்கில் இறங்கியது. உப்பு.

மகள் பின்வாங்கி அந்த உருவத்தின் காலோடு ஒட்டிக்கொண்டாள். கண்கள் மட்டும் இவள் மேல் இருந்தன. பார்க்காமலே கையை மேலே நீட்டினாள். தொங்கிய இடது கையைப் பிடித்தாள். மோதிர விரலில் பிளாஸ்டர் இருந்தது, நனைந்து சிவந்த பிளாஸ்டர். சின்ன விரல்கள் அதை மெதுவாக உரித்து எடுத்தன. அடியில் கரும்புள்ளிகள் நிறைந்த, காய்த்துப்போன நுனி.

மகள் அதைத் தேய்க்கத் தொடங்கினாள்.